மூன்றாம் நெடுஞ்சாலை, திரும்பும் பேருந்து

மூன்றுக்கு ஒன்று.
மொண்டெவீடியோவிலிருந்து பைசாந்து வரை
முந்நூற்று எழுபத்தெட்டு கிலோமீட்டர்.
தோற்றவர்களை ஏற்றினால் பேருந்துக்கு எடை கூடும்,
இரண்டாம் கியரிலேயே தெரிந்துவிடும் எனக்கு.

நான் ஓட்டுநர். எனக்குக் கருத்து கிடையாது.
கண்ணாடிக்கு மேலே எழுதியும் ஒட்டியிருக்கிறது:
ஓட்டுநரோடு பேச்சுக் கொடுக்காதீர்.

முதல் சுங்கச்சாவடி வரை ஒரு சத்தமில்லை.
பிறகு மருந்துக்கடை நீபியா
ஐஸ்பெட்டியின் மூடியைக் கழற்றி மடியில் வைத்தாள்.
அதுதான் மைதானம்.
காலி பீர் பாட்டில்களின் மூடிகள் ஆட்டக்காரர்கள்.
"அறுபத்தெட்டாவது நிமிஷம்
ஹேபரை ஏன் வெளியே எடுத்தான்?"

"ஏன் சேர்த்தான்னு கேளு" என்றான் தார்தோ.
"முப்பத்தாறு வயசுக் கால்.
என் டிராக்டருக்கு அண்ணன் முறை."

பத்தாம் எண்ணை ஜூலையில் மெக்சிகோவுக்கு விற்றார்களே,
அந்தப் பேச்சும் வந்தது.
வந்த பணத்தில் மைதானத்துக்கு விளக்குக் கம்பம் நட்டார்கள்.
"இப்ப தோக்கறது
நல்லா வெளிச்சமா தெரியுது."

இடப்பக்கம் ஓடிய பத்தொன்பது வயதுப் பையனை
நடுவில் நிறுத்தினார்கள், முன்னே தள்ளினார்கள்,
திரும்ப இடப்பக்கமே கொண்டுவந்து வைத்தார்கள்.
கோல்கீப்பரைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை.
அவன் அம்மா நான்காம் வரிசையில்
தூங்குவதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

சான் ஹோசே தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்.
டயருக்குக் காற்றடிக்கும் குழாய்க்குப் பக்கத்தில்
கிளப் ஜெர்கின் போட்டுக்கொண்டு ஒரு ஆள், தோளில் பை.
ஒலாசாபல்.
மாலைவரை எங்கள் பயிற்சியாளர்.
வீரர்களின் வண்டியில் வரும்போதே
தலைவர் போனில் சொல்லிவிட்டாராம்.
இவர் பாதி வழியில் இறங்கிக்கொண்டாராம்.

படியில் கால் வைத்து என்னைப் பார்த்தார்.
நான் கதவைச் சாத்தவில்லை.
அதுவும் ஒரு கருத்துதான், யோசித்தால்.

மத்தியானம் முழுக்க
அவர் அம்மாவை இழுத்துப் பாடிய வாய்கள்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டன.
வெளியே இருட்டு, யூகலிப்டஸ், இருட்டு.
மாட்டே குடுவை கைமாறிக் கைமாறி
அவர் வரிசைக்கு வந்ததும்
தார்தோவின் கை கொஞ்சம் யோசித்தது.
அப்புறம் நீட்டியது.

"ஹேபரை ஏன்?" என்றாள் நீபியா.
குழலில் காற்று இரைகிறவரை உறிஞ்சினார்.
"அந்த நிமிஷத்துல தெரிஞ்சுது.
இப்ப தெரியல."

பிறகு எட்டி, போன் வெளிச்சத்தில்,
அவள் மடியிலிருந்த அணியைப் பார்த்தார்.
நெடுநேரம் பார்த்தார்.
உதடு அசைந்தது, எண்ணுகிறவர்போல.
"இந்த அணி எனக்குக் கிடைச்சிருந்தா
நானும் ஜெயிச்சிருப்பேன்" என்று சிரித்தார்.

கிண்டல் என்றான் தார்தோ.
பாராட்டு என்றாள் நீபியா.
அதற்கே எழுபது கிலோமீட்டர் போனது.
எழுபத்தொன்றாவதில் சாலைக்கு நடுவே ஒரு கன்றுக்குட்டி.
பிரேக்கை மிதித்தேன்.
தற்காப்பு வரிசை மொத்தமும் சீட்டுக்கடியில் உருண்டது,
முன்வரிசை ஆள் யாருடைய ஷூவுக்குள்ளோ போனான்.
கோல்கீப்பரின் அம்மா
கண்ணை மூடியபடியே சிரித்தாள்.

விடியற்காலை, டெப்போ.
பெருக்கும்போது ஒவ்வொன்றாய் அகப்பட்டன.
படிக்கட்டில் இரண்டு. கியர்பெட்டி ஓரம் ஒன்று, நசுங்கியது.
வரிசையாக டாஷ்போர்டில் அடுக்கினேன்.
எண்ணினேன்.
சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன்.

பன்னிரண்டு.

ஒரு ராத்திரி முழுக்கப் பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டா
இத்தனை சண்டை.

யாரிடமும் சொல்லப்போவதில்லை.
ஒன்றை எடுத்துக் குப்பையில் போட்டால் கணக்கு சரி.
அவ்வளவுதானே என்று கையை நீட்டினேன்.

எட்டு மணிக்கு அடுத்த டிரிப்.
ஏழே முக்கால்வரை
கை அங்கேயேதான் இருந்தது.